வாரத்துக்கு ஆறு அவுன்ஸ்

செல்லக்கண்ணு அண்ணன் முப்பத்தாறு வருடம் அருவங்காட்டு அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அவரிடமிருந்து ஒரு துடைப்பம்கூட வெளியே போகாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவரே பல்பு கேட்டு வந்து நின்றாராம். "சீட்டு கொண்டாங்க சார், தர்றேன்" என்று அவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். இதை அண்ணனே எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பெருமை அடித்துக்கொள்வது போல இருக்காது. அது அப்படித்தான் நடக்கணும், அப்படியே நடந்தது என்கிற மாதிரி சொல்வார்.

அவருடைய அப்பா காங்கேயம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அண்ணன் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். மனைவி ஜோதிமணி அக்கா. ஒரே மகன் விஜயபாஸ்கர் கோயமுத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஓய்வு பெற்ற பணத்தில் குன்னூரில் வண்டிச்சோலைப் பக்கம் சரிவில் ஒரு வீடு வாங்கினார். எங்கள் வரிசையில் மொத்தம் ஐந்து வீடுகள். அவருடையது முதல் வீடு, அதை ஒட்டி எங்கள் வீடு. சுவர் ஒன்றுதான் என்பதால் அந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது எங்களுக்கும் தெரியும்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை போடுவார். ஆனால் காலையில் இரண்டு தேநீர், மத்தியானம் குழம்புச்சோறு, சாயங்காலம் தேநீரில் நாலு வர்க்கி பிஸ்கட் முக்கித் தின்பது, எதையும் அவர் விட்டதில்லை. இரண்டு வருடம் முன்னால் வலது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அப்போதும் மாறவில்லை. போன வருடம் ஆனி மாதப் பாதியில் செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் நாள் முழுக்க அழுத்தியிருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி அவ்வளவுதான். ராத்திரி அக்கா பாதத்தைத் துடைக்கும்போதுதான் சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்து விரலின் அடியில் புண்ணைப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் சுஜாதா குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பார்க்கிறார். ஒளித்துப் பேசத் தெரியாத பெண். மறுநாள் அண்ணனுடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தாராம்.

"எலும்புக்குப் போகலை. ஆறு வாரம் பாப்போம். சர்க்கரை இறங்கினா புண்ணு காயும். இறங்கலைன்னா விரலை எடுத்துரணும். அதையும் தள்ளிப் போட்டா பாதத்துக்கு ஏறிரும், அப்பறம் நான் பொறுப்பில்லை."

அண்ணன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் வர்க்கி எங்கே என்று கேட்டார்.

அக்கா அந்த வாரம் ஓட்ஸ் கஞ்சி வைத்துப் பார்த்தார். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டார். கோதுமை ரவையில் உப்புமா செய்தார். அதையும் தள்ளிவிட்டார்.

"நா என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்? நோயாளிச் சாப்பாடு எனக்கு வேண்டாம்."

"வெரலு போயிருமுங்க."

"போனாப் போகுது. இன்னும் எட்டு இருக்கில்ல."

"வேலைக்குப் போற காலத்துல எண்ணுனா சரியா எண்ணுவீங்க. போகாத வெரலயும் கழிச்சுட்டீங்களே, ஒன்பது இருக்குதுங்க இப்ப."

அண்ணன் குனிந்து தன் கால் விரல்களை எண்ணிப் பார்த்தார் என்று அக்கா என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அதன் பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் வெலிங்டன் போகிற வழியில் ரேச்சல் அம்மா என்பவர் பங்களாவில் வீட்டு வேலை பார்க்கிறேன். அந்த வாரம் அவர் மேல் அறையைக் காலி செய்து, வெந்நீர் பாய்லருக்கு எரிக்கச் சொல்லி ஒரு கட்டுப் பழைய காகிதம் கொடுத்தார். அதில் அட்டை கிழிந்த ஒரு சின்னத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. இருபத்துநாலு பக்கம். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். உலக யுத்தம் நடந்தபோது அரிசி கிடைக்காமல் ரேஷன் போட்டிருந்த காலத்தில், கிடைத்ததை வைத்துக் குடும்பப் பெண்கள் எப்படிச் சமைப்பது என்று சொல்லி அச்சடித்த புத்தகம் அது. சமையல் சமாச்சாரத்தை எரிக்க மனம் வரவில்லை. ஜோதிமணி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா பக்கங்களைப் புரட்டினார். கம்பு, சோளம், கீரை, கிழங்கு. அரிசி பாதிக்கு மேல் கூடாது, எண்ணெய் அரை அவுன்ஸ்.

"இதத்தானே அந்த டாக்டரம்மாவும் சொல்றாங்க" என்றார்.

அக்கா பொய் சொல்லுகிறவர் அல்ல. புத்தகத்தை நேராகக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்து, "இதுல போட்டிருக்கறதக் கொஞ்ச நாளைக்கு நம்மூட்டுல செஞ்சு பாக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மத்தியானம் உட்கார்ந்தவர் தேநீர் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவரைப் பிடித்தது சமையல் குறிப்பு இல்லை. முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் எட்டு அவுன்ஸ், பருப்பு ஒன்றரை அவுன்ஸ், எண்ணெய் அரை அவுன்ஸ், காய்கறி கிடைத்த மட்டும்.

"இது ஸ்கேல்" என்றார் அக்காவிடம். "ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவுன்னு கெவர்மெண்ட்டு போட்ட ஸ்கேல். இப்படிப் போட்டுட்டா அதுக்கு மேல ஒரு கிராம் கேக்கப்படாது."

"கேக்க மாட்டீங்களா?"

"நா கேப்பனா? கேட்டவன எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

மறுநாள் காலையில் அண்ணன் சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். மகன் வாங்கிக் கொடுத்து மூலையில் கிடந்த பேட்டரித் தராசைத் துடைத்து வைத்தார். ஓர் அவுன்ஸுக்கு இருபத்தெட்டு கிராம் என்று கணக்கு அவருக்கு மனப்பாடம். அரிசி, கம்பு, பருப்பு, எண்ணெய் நாலையும் இரண்டு ஆளுக்கு நிறுத்துக் கிண்ணங்களில் வைத்தார். ஒரு நோட்டில் எழுதி, பெற்றுக்கொண்டதாக அக்காவிடம் கையெழுத்துக் கேட்டார். நான் அப்போது அங்கேதான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தேழு வருசமாச் சோறாக்கிப் போட்டவகிட்டக் கையெழுத்துங்களா?"

"பொருளு வெளிய போகுதில்ல."

"எங்கீங்க வெளிய போகுது? அடுப்புக்குத்தானே போகுது."

"அடுப்பும் ஸ்டோருக்கு வெளியதான்."

அக்கா கையெழுத்துப் போட்டார். அம்மா சத்தியமாக, அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்ததை நான் பார்த்தேன்.

முதல் சமையல் கெட்டுப்போனது. விறகை மிச்சப்படுத்த அந்தப் புத்தகத்தில் ஒரு வழி போட்டிருந்தது. கம்பை உடைத்துத் தண்ணீரில் போட்டு, ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். நாலு மணி நேரத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடுமாம். மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? அண்ணன் கடைவீதியிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வரவழைத்து, பழைய ஸ்வெட்டர்களைத் திணித்துப் பானையை உள்ளே வைத்தார். அது மீன் வந்த பெட்டி. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் கம்பு சரளைக்கல் மாதிரி கிடந்தது. வாசம் மட்டும் அயிலை மீன் வாசம்.

அக்கா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத எழுதுன புண்ணியவான் கீழ உக்காந்து எழுதியிருக்கான். மலைக்கு வந்ததே இல்ல. நம்மூர்ல தண்ணி சும்மா கொதிக்கற மாதிரி கொதிக்கும், சூடு ஏறாது. தெறந்த பாத்தரத்துல இங்க பருப்பே வேகாது, கம்பு வேகுமா?"

"அச்சடிச்சதுல அப்படித்தான் இருக்கு."

"அச்சடிச்சவனக் கூட்டிட்டு வந்து திங்கச் சொல்லுங்க."

அன்றைக்கு இரண்டு பேரும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அடுத்த மூன்று நாளும் அக்கா கம்பை ஊறவைத்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, குக்கரில் வைத்துப் பார்த்தார். ஐந்து விசிலுக்குப் பற்றவில்லை, பத்துக்குக் குழைந்து கூழானது, எட்டு விசிலுக்குச் சரியாக வந்தது. அண்ணன் மூன்று சோதனையும் தானே தின்று பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால், 'திருத்தம் ஒன்று: மலைப் பகுதிக்குக் குக்கர், எட்டு விசில்' என்று எழுதித் தேதி போட்டார்.

அதன் பிறகு புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு குறிப்பாக அடுப்பில் ஏறியது. பருப்பு பத்தாத சாம்பாருக்குப் பூசணியை மசித்துச் சேர்த்தார்கள். முள்ளங்கியை வாங்கினால் அதன் இலையையும் பொரியல் செய்தார்கள். கோதுமையைக் கருக வறுத்துப் பொடித்துக் காபி மாதிரி ஒன்று போட்டார்கள். அதைக் குடித்துவிட்டு அண்ணன், "யுத்தத்துல இவனுங்க எப்படி ஜெயிச்சானுங்க?" என்று கேட்டார். உருளைக்கிழங்குத் தோலில் துவையல் என்று ஒரு குறிப்பு. எங்கள் ஊர்க் கிழங்குத் தோலில் மண் போக மூன்று தண்ணீர் வேண்டும். கழுவி, மிளகாய் புளி வைத்து அரைத்து வந்தபோது நன்றாகவே இருந்தது.

"தோலு மாட்டுக்குப் போடறது" என்றார் அண்ணன்.

"யுத்தம் முடியட்டும், மாட்டுக்குப் போட்டுக்கலாம். இப்பத் தின்னுங்க."

தின்றார். டாக்டர் சொன்னால் கேட்காதவர், மனைவி அழுதால் அசையாதவர், அந்த அட்டவணைக்குக் கட்டுப்பட்டார். பசித்தாலும் கேட்கவில்லை. வர்க்கி அட்டவணையில் இல்லை, அதனால் வர்க்கியை விட்டார். ஆண்டவன் மனிதனை எந்த வழியில் திருப்புவான் என்று யாருக்குத் தெரியும்.

முதல் சனிக்கிழமை அண்ணன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு சமையலறைக்கு வந்தார்.

"இதப் பாத்தியா ஜோதி? சர்க்கரை, ஆள் ஒன்றுக்கு வாரத்துக்கு ஆறு அவுன்ஸ்."

அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது நல்லா இருக்கறவங்களுக்குப் போட்டதுங்க."

"ஸ்கேல்ல அப்படி ரெண்டு வகை இல்ல."

"ஒரு ஸ்பூன் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"நா திங்கறேன்னு சொன்னனா? எடுத்து வெக்கறேன். எனக்குன்னு வந்தத எடுக்காம உட்டா லாப்ஸ் ஆயிரும், அப்பறம் கெடைக்காது."

ஆறு அவுன்ஸ் நிறுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி, அலமாரியில் வைத்தார். அக்கா தன் பங்கு வேண்டாம் என்றார். அதற்கு எதிரே 'பெறவில்லை' என்று எழுதிக்கொண்டார். பாட்டிலை அவர் தொடவே இல்லை என்பதை அக்கா தினமும் பார்த்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆறு அவுன்ஸ். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பாட்டில் ஏறிக்கொண்டு வந்தது, அண்ணன் தொடவில்லை. ஒரு தடவை விஜயபாஸ்கர் ஒரு ராத்திரி தங்கிப் போக வந்தான். வந்தவனுக்குத் தனியாக எடை போடுவதா என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தன் பங்குச் சோற்றை மகனுக்குப் போட்டுவிட்டு, எனக்கு ஏகாதசி என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஏகாதசி இல்லை. அக்கா சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

புண்ணின் ஓரம் காய ஆரம்பித்தது. வீட்டில் குத்திப் பார்க்கிற மிஷினில் எண் வாரா வாரம் இறங்கியது. முந்நூறுக்கு மேல் இருந்தது நூற்றறுபதுக்கு வந்தது. ஆறு வாரம் முடிகிற சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரச் சொல்லி டாக்டர் நாள் குறித்திருந்தார்.

அதற்கு முந்தின நாள் ஆடி கடைசி வெள்ளி. அக்காவும் நானும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்ததால் திரும்ப நேரமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து பார்த்தால் எங்கள் வீட்டு வாசல் ஜன்னலில் ஒரு கிண்ணம் மூடியிருந்தது. திறந்தேன். கேரட்டும் ரவையும் போட்டுக் கிளறிய இனிப்பு, இன்னும் சூடாக இருந்தது. மற்ற மூன்று வீட்டு ஜன்னலிலும் அதே மாதிரி கிண்ணம். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் வீட்டுக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்பு மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சர்க்கரை பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல பத்தொம்பதாம் பக்கம்" என்றார். "யுத்த காலக் கேரட் இனிப்பு. நெய்யே இல்லாம வந்திருச்சு பாரு."

"நீங்க எவ்வளவு தின்னீங்க?"

"என்ற பங்கு மட்டுந்தான். அஞ்சு வீடு, அஞ்சு பங்கு. ஒரே எடை."

"நம்மூட்டுப் பங்கு பூராவுமா?"

"உனக்குத்தான் பெறவில்லைன்னு எழுதியிருக்கே."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு ரத்தம் எடுக்கறாங்கன்னு தெரியாதுங்களா உங்களுக்கு?"

"தெரியும். நாளையோட ஆறு வாரம் முடியுது. அதனாலதான். கையிருப்பு மிச்சம் காட்டக் கூடாது ஜோதி. மார்ச் முப்பத்தொண்ணுல மிச்சம் காட்டுனா, இவனுக்கு இவ்வளவு தேவையில்லைன்னு அடுத்த வருசம் வெட்டிப்புடுவாங்க. முப்பத்தாறு வருசம் நா மிச்சம் காட்டுனதில்ல."

"யாருங்க வெட்டுவாங்க? குடுக்கறதும் நீங்க, எடுத்து வெக்கறதும் நீங்க. நடுவுல யாருங்க இருக்காங்க வெட்டறதுக்கு?"

அண்ணன் பேனாவை மூடினார். "ஆமால்ல" என்றார். அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் அவருக்கு அது அப்போதுதான் தெரிந்தது என்று தோன்றியது. குழந்தை மாதிரி அக்காவைப் பார்த்தார்.

எங்கள் வீட்டுக் கிண்ணத்தை நான் அன்றைக்குத் தொடவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்று எழுபத்தொன்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

"புதன்கிழமை சர்ஜன் வர்றார். விரலை எடுத்துரலாம். இதுக்கு மேல காத்திருக்கிறது ஆபத்து."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. புத்தகம், அட்டவணை, கம்பு, பாட்டில், மார்ச் மாதக் கணக்குப் போல மிச்சம் காட்டக் கூடாதென்று நேற்றுச் சாயங்காலம் கிளறிய கேரட் இனிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். டாக்டர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"மார்ச் எண்டிங்கா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "எங்கப்பா பி.டபிள்யூ.டி. மார்ச் மாசம் தேவையோ இல்லையோ எங்க ஊர்ப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்."

சிரிக்கவில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கிற பரிசோதனைக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு நாள் தின்றது அதில் தெரியாதாம். ஆறு வாரம் முன்னால் அது பத்தரைக்கு மேல் இருந்தது. இப்போது ஒன்பதுக்குக் கீழே. பிறகு காலை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்து, ஊசியின் மழுங்கின பக்கத்தால் புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

"புதுச் சதை வந்திருக்கு. ஆழம் குறைஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "நாலு வாரம் தர்றேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை உள்ள போகக் கூடாது. இதோட கடைசி. அடுத்த தடவை கதை கேக்க மாட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஆனதும் தராசை எடுத்து மேடையில் வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். நிறுக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை.

"என்னுங்க?" என்றார் அக்கா.

"ஸ்கேல்ல இருக்கு. எடுக்கலைன்னா லாப்ஸ். எடுத்தா…"

அவருக்கு அது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த விரல் எவ்வளவு நிசமோ அந்த ஆறு அவுன்ஸும் அவருக்கு அவ்வளவு நிசம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, உங்க ஸ்டோர்ல ஒரு பொருளு வந்திருச்சு, வேலைக்கு ஆகாது, மார்ச்சுக்குள்ள செலவும் பண்ண முடியாது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மேல எழுதி சரண்டர் பண்ணிருவோம்."

"பண்ணுனா லாப்ஸுங்களா?"

"சரண்டர் எப்படி லாப்ஸ் ஆகும்? எடுத்து, திருப்பி ஒப்படைச்ச மாதிரி. அதுல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப சரண்டர் பண்ணுங்க."

"யாருகிட்டப் பண்றது?"

"மேல எழுதுவோம்னீங்கல்ல. நமக்கு மேல மாரியாத்தாதான்."

அண்ணன் ஆறு அவுன்ஸ் நிறுத்துப் பொட்டலம் கட்டினார். ஒரு சீட்டும் எழுதினார். அதை நானும் அக்காவும் மறுநாள் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பூசாரி சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல எதுக்குங்க என் கையெழுத்து? சாமி சாட்சி போதாதுங்களா?" என்றார்.

"எனக்குப் போதுமுங்க. அவருக்குப் பத்தாது" என்றார் அக்கா.

பூசாரி குங்குமக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படி நாலு வாரமும் சர்க்கரை கோயிலுக்குப் போனது. அம்மனுக்குப் பொங்கலாகி, தேயிலைக் காட்டு வேலை முடிந்து வருகிற பெண்கள் கைக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கும் போனது. நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆவணி கடைசியில் டாக்டர் காலைப் பார்த்தபோது புண் மிளகு அளவுக்கு வந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு. விரலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலுக்குத் தனியாகச் செய்கிற செருப்பு வாங்கச் சொன்னார். இதே சாப்பாடு, இதே அளவு, நிறுத்தக் கூடாது என்றார். அண்ணன் அதற்கும் தலையாட்டினார். பிறகு டாக்டர் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க ஏன் இப்படி இருக்கீங்க? இதுல ஏறி நில்லுங்க."

அக்கா எடை மிஷினில் ஏறினார். நாற்பத்துநாலு கிலோ. முன்பு ஐம்பத்தொன்று இருந்தாராம்.

"உங்களுக்குச் சர்க்கரையா?"

"இல்லைங்க. ரெண்டு ஆளுக்குன்னு நிறுத்துத் தர்றாரு. வர்றவங்க போறவங்க இருந்தா என்ற பங்குல போட்டுக்குவேன். வேற ஒண்ணும் இல்லைங்க."

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஐயா, நோய் உங்களுக்குத்தானே? இவங்களுக்கு அரை வயிறுன்னு எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அக்கா அவருக்குக் கம்பு ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கோயில் சீட்டுகளை ஒரு கம்பியில் கோத்துக்கொண்டிருந்தேன், அது அண்ணன் எனக்குக் கொடுத்த வேலை.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வந்து முதல் பக்க அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரலை வைத்து வாசித்தார். "சுமை தூக்குவோர், சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைப்போர் முதலிய கடின வேலைக்காரருக்குத் தானியம் மேலும் நாலு அவுன்ஸ்."

நோட்டைத் திறந்து, ஜோதிமணி என்று எழுதி, அதற்கு நேரே 'கடின வேலை' என்று போட்டார். தராசில் அரிசியைக் கொட்டினார். அரிசி மட்டும், கம்பு கலக்காமல்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, பாத்தியா? முப்பத்தேழு வருசம் கழிச்சு எனக்குப் பிரமோசன் வந்திருக்கு."

"கையெழுத்துப் போடு" என்றார் அண்ணன்.

"இதுக்கு முன்னால எந்தக் கிரேடுல போட்டு வெச்சிருந்தீங்க என்னைய?"

"ஒண்ணும் போடல."

"அதுதான் கேட்டேன்."

அண்ணன் பேனாவை நீட்டியபடி நின்றார். அக்கா உடனே வாங்கவில்லை. கம்பில் மிதந்த உமியை இரண்டு தண்ணீர் கழுவி ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். பிறகு அரிசியை எடுத்துத் தனிக் குக்கரில் வைத்தார். இரண்டு குக்கரும் ஒரே நேரத்தில் விசில் விட ஆரம்பித்ததில் எது எத்தனையாவது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் எண்ண முயன்று பார்த்து, விட்டுவிட்டார்.